ஏழாம் பக்கத்துக் கொலைகாரன்

நடந்ததைச் சொல்கிறேன், நம்புவது உங்கள் பாடு. முப்பது வருஷம் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் ஏலம் கூவினவன் நான், வாடின காயைப் பச்சைக் காய் என்று கூவியிருக்கிறேனே தவிர, இல்லாத காயை இருக்கிறதென்று ஒருநாளும் கூவினதில்லை.

அப்போது எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஞானதிரவியம் அண்ணாச்சி ஒரு வாடகை நூல் நிலையம் வைத்திருந்தார். காதல் கதை இடதுபக்கம், கொலைக் கதை வலதுபக்கம், இரண்டும் கலந்தது அவர் நாற்காலிக்குப் பின்னால். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கதையைவிட, கதை முடிந்தபிறகு வருகிற வெள்ளைத் தாள்தான் முக்கியம், ஏனென்றால் படித்தவர்கள் எல்லோரும் அதில் அபிப்பிராயம் எழுதாமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. ‘சூப்பர்.’ ‘சுமார்.’ ‘கதாநாயகிக்கு மூளை இல்லை – இப்படிக்கு ஒரு சகோதரி.’ அதற்குக் கீழே வேறு மையில், ‘சகோதரிக்கு இருக்கிறதா – இப்படிக்கு ஒரு சகோதரன்.’ இப்படிப் போகும். இதல்லாமல் ஊரில் ஒரு படுபாவியும் இருந்தான். கொலைக் கதை எது வந்தாலும் முதல் ஆளாக வாங்கிப் படித்து, ஏழாம் பக்கத்து ஓரத்தில், எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாகிற மண்டிப் பென்சிலால், கொலைகாரன் இன்னான் என்று எழுதிவைத்துவிடுவான். முதல் பக்கத்தில் எழுதினால் அண்ணாச்சி ரப்பர் போட்டு அழித்துவிடுவார், இருபதாம் பக்கத்தில் எழுதினால் அதற்குள் பாதிப் பேர் தாங்களே ஊகித்திருப்பார்கள், ஏழாம் பக்கத்தில்தான் அந்த அடி சரியாக விழும். ஊரே அவன் கையை ஒடிக்கத் தேடியது. தேடுகிற கூட்டத்தில் முன்னால் நின்று சத்தம் போட்டவன் கோமதிநாயகம், அதாவது நான், எழுதினவனும் நான்தான்.

அந்த ஐப்பசியில் ‘பனிமூட்டத்தில் ஒரு குடை’ என்று ஒரு புத்தகம் வந்தது. கொடைக்கானலில் ஒரு பங்களா, எஸ்டேட் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடக்கிறார், மடியில் பெண்கள் பிடிக்கிற குடை ஒன்று. குடைக்குச் சொந்தக்காரி நர்ஸ் சாருபாலா. துப்புத் துலக்க வருகிற இன்ஸ்பெக்டர் ஆனந்தரூபன் அவளைச் சந்தேகப்படுகிறான், சந்தேகப்பட்டுக்கொண்டே பின்னால் போகிறான், போகப்போகக் காதலிக்கிறான். கொலை செய்தது குதிரை வைத்தியர். நான் முதல் ஆளாகப் படித்துவிட்டேன், ஆனால் ஏழாம் பக்கத்தில் எழுத மறந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மறதியில்தான் எல்லாம் ஆரம்பித்தது, ஏனென்றால் அடுத்து அதை வாங்கிப் போனவள் என் வீட்டுக்காரி உலகம்மாள்.

எங்கள் தெருப் பெண்கள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முத்துப்பேச்சி வீட்டு வேப்பமரத்தடியில் முறமும் மடியுமாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். ஐம்பது பேர் சுற்ற, ஒருத்தி மட்டும் சுற்றாமல் கதை வாசிப்பாள். வாசிக்கிறவள் முறத்தில் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பீடியைப் போட்டு அவள் கணக்கை நிரப்பிவிடுவார்கள். பல வருஷமாக வாசிக்கிறவள் உலகம்மாள்தான். நான் டீக்கடைக்குப் போகிற வழி அந்தக் கீற்றுவேலியை ஒட்டியது. அன்றைக்கு அப்படிப் போகும்போது, பனியில் நடந்துபோகிற சாருபாலாவின் தோளில் ஆனந்தரூபன் தன் கோட்டைப் போர்த்தி, “சாரு, குளிருகிறதா?” என்று கேட்கிற இடம் வந்தது, உலகம்மாள் அதை வாசித்தாள், நான் வேலியோரம் அப்படியே நின்றுவிட்டேன். அவளுடைய குரல் எனக்குத் தெரியாதா? ‘சோறு ஆறுது’ என்கிற குரல் தெரியும், ‘அந்த வேட்டியையா கெட்டிக்கிட்டுப் போறிய’ என்கிற குரல் தெரியும், பெண்ணைக் கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்ட அன்றைக்கு அழுத குரலும் தெரியும், ஆனால் இந்தக் குரல், பால் பொங்குவதற்கு முன்னால் பாத்திர ஓரத்தில் ஒரு சின்ன முணுமுணுப்பு கேட்குமே அந்த மாதிரியான குரல், முப்பத்தெட்டு வருஷமாக என் வீட்டில் எந்த மூலையில் இருந்தது, எனக்கு ஒருநாளும் எடுத்துக் காட்டாமல் எந்தப் பரணில் போட்டுவைத்திருந்தாள், கொடைக்கானலில் இருக்கிற எவனுக்கோ எப்படி எடுத்துக் கொடுத்தாள்?

சாப்பிடும்போது கேட்டேன்.

“அந்த இன்ஸ்பெக்டர் என்ன பெரிய இவனா?”

“எந்த இன்ஸ்பெக்டரு?”

“குளிருதான்னு கேக்கானே, அவன்.”

“ஒளிஞ்சு நின்னு கேட்டியளாக்கும்.”

“ரோட்டுல போனேன், காதுல விழுந்துது.”

“விழட்டும். முப்பத்தெட்டு வருசத்துல குளிருதான்னு என்னய ஒரு நாளு கேட்டிருக்கியளா?”

“புளியங்குடியில எங்கடி குளிருது?”

அவள் ரசத்தை ஊற்றினாள். எனக்கு அந்த ரசம் இறங்கவில்லை. எனக்கு அறுபத்திரண்டு வயது, அவளுக்கு ஐம்பத்தாறு, இந்த வயதில் காகிதத்தில் இருக்கிற ஒருவன்மேல் வயிறு எரிவதாக யாரிடம் போய்ச் சொல்வது? மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் புத்தகத்தை எடுத்தேன், பென்சிலை எச்சில் தொட்டேன், ஏழாம் பக்கத்தில் வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பொய் எழுதினேன்: கொலைகாரன் இன்ஸ்பெக்டர்தான்.

விடிந்தபோது கதை மாறியிருந்தது. குதிரை வைத்தியர் குதிரைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார், விஷம் வாங்கினது ஆனந்தரூபன், குடையைக் கொண்டுபோய் மடியில் வைத்தது ஆனந்தரூபன், தானே செய்த கொலையைத் தானே துப்புத் துலக்க வந்து தன் காலடித் தடத்தைத் தானே அளந்துகொண்டிருந்ததும் ஆனந்தரூபன். நூற்றெண்பது பக்கம் அப்படியே நூற்றெண்பது, அச்சும் அதே அச்சு. கடைசி வெள்ளைத் தாளில், முதலில் படித்துவிட்டு நானே எழுதியிருந்த ‘குதிரை வைத்தியர் என்று நான் நினைக்கவே இல்லை’ மட்டும் ஏதோ ஜுரத்தில் உளறின மாதிரி தனியாக நின்றது.

ஊர் இதற்கு அதிசயப்பட்டதா என்று கேட்பீர்கள். ஒரு வருஷம் எங்கள் ஊர் எலுமிச்சங்காய் முழுக்க இனித்தது. நாங்கள் என்ன செய்தோம், ஊறுகாய் போடுவதை நிறுத்தினோம், சர்பத்தில் சீனியைக் குறைத்தோம், அடுத்த வருஷம் புளித்ததும் பழையபடி ஊறுகாய் போட்டோம். இதுவும் அப்படித்தான். ஞானதிரவியம் அண்ணாச்சி புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், ஒரு நாள் பூட்டிவைத்து மறுநாள் திறந்து பார்த்தார், பிறகு அட்டை ஒன்றில் எழுதி வாசலில் தொங்கவிட்டார்: ‘இந்தப் புத்தகம் மாறும். போன வாரக் கதை வேண்டும் என்று கேட்கக் கூடாது. ஏழாம் பக்கத்தில் எழுத விரும்புவோர் வரிசையில் வரவும். வீண் சண்டை வேண்டாம்.’

முதலில் வந்தவர் ஏட்டு மாடசாமி. “டிப்பார்ட்மெண்ட் ஆளைக் கொலைகாரனாக்கினது எவன்? மாத்தும்வே” என்றார். மாற்றுவதற்கு அவருக்கும் மனசு வரவில்லை, கதை விறுவிறுப்பாக இருந்தது. கடைசியில் ‘இன்ஸ்பெக்டர்’ என்பதற்கு முன்னால் ‘முன்னாள்’ என்று மட்டும் சேர்த்துவிட்டுப் போனார். மறுநாள் இரண்டாம் அத்தியாயத்திலேயே ஆனந்தரூபன் சஸ்பெண்ட் ஆகித் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். ஏட்டுக்குத் திருப்தி.

அதற்கப்புறம் வந்தவர்களுக்குக் கதையைப் பற்றிக் கவலையில்லை. இட்லிக்கடை தங்கபுஷ்பம் வந்து எதிர்க்கடை பூமாரியின் பெயரை எழுதினாள். மறுநாள் பூமாரி கொடைக்கானல் பங்களாவில் சட்னியில் விஷம் கலந்தாள். டிரில் வாத்தியார் கணக்கு வாத்தியாரை எழுதினார், கணக்கு வாத்தியாரின் மச்சினன் டிரில் வாத்தியாரை எழுதினான், டெய்லர் பிச்சைக்கனி புதிதாக ரெடிமேட் கடை போட்டவரை எழுதினார். யார்மேல் யாருக்கு வயிற்றெரிச்சல் என்று அதுவரை ஊகமாக இருந்ததெல்லாம் அச்சில் வந்தது. முதலில் அடிதடி வரும்போல இருந்தது. ஆனால் ஒரு வாரம் கொலைகாரியாக இருந்த பூமாரி கடையில் கூட்டம் தாங்கவில்லை, வருகிறவர்கள் எல்லாம் சட்னியை இரண்டு தடவை கேட்டு வாங்கினார்கள். அதைப் பார்த்ததும் ஊரின் புத்தி அந்தர்பல்டி அடித்தது. ஏழாம் பக்கத்தில் பெயர் வருகிறவன் நாலு பேர் பொறாமைப்படுகிற மாதிரி வாழ்கிறவன், பெயர் வராதவன் யார் கண்ணிலும் படாதவன் என்று ஆகிவிட்டது. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், “மாப்பிள்ளை ஏழாம் பக்கத்துல வந்திருக்காரா?” என்று கேட்டார்கள். ஒரு ஹோமியோபதி டாக்டர் தன் பெயரைத் தானே இடதுகையால் எழுதிவிட்டு, “எவனோ என்னயப் போட்டுட்டான் பாருங்க” என்று மூன்று தெருவுக்குப் போய் வருத்தப்பட்டார்.

கொலைகாரன் யாராக மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை: நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குள் சாருபாலா அவனைக் காதலித்துவிடுவாள். கொலைகாரி என்றால் உயிர்த்தோழி. புத்தகத்துக்கே அதைத் தடுக்க முடியவில்லை. ‘இந்த நர்ஸ் யாரையும் விட்டுவைக்க மாட்டாளா – ஒரு சகோதரி’ என்று கடைசித் தாளில் அபிப்பிராயம் விழுந்தது. அந்தத் தாள் நிரம்பி அண்ணாச்சி புதுத்தாள் ஒட்டினார், அதுவும் நிரம்பியது.

எனக்கு மட்டும் என் காரியம் ஆகவில்லை. ஆனந்தரூபனைக் கொலைகாரனாக்கின வாரம் உலகம்மாளுக்கு அவன்மேல் வெறுப்பு வந்ததா? “பாவம், அவ மேல உள்ள பிரியத்துலதான செஞ்சான்” என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு கொலைகாரர்கள் வந்தார்கள், போனார்கள், அவன் மறுபடி வேலையில் சேர்ந்து இன்ஸ்பெக்டராகவே வந்தான், என்றைக்காவது ஒரு பக்கத்தில் யாரிடமாவது குளிருகிறதா என்று கேட்டான், அவளும் அந்தப் பாத்திர ஓரத்துக் குரலை எடுத்தாள். நான் வேலியோரம் நின்று கீற்றைக் கிள்ளிக் கிள்ளி, அந்த இடத்தில் ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டையே விழுந்துவிட்டது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். என் பெயரை அவள் அந்தக் குரலில் ஒருமுறை வாசித்துக் கேட்கவேண்டும், அவ்வளவுதான், பிறகு தூக்கில் போட்டாலும் சரி. ஏழாம் பக்கத்தில் எழுதினேன்: கொலைகாரர் கோமதிநாயகம்.

என்னைப்போல ஒரு மடையன் இருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள் என்பதை அந்த நேரத்தில் நான் மறந்தே போனேன். உலகம்மாள் அதிலும் ஒரு படி மேலே. ரேஷன் கார்டுக்காரன் புருஷன் பெயர் கேட்டபோது, “சங்கரன்கோயில்ல இருக்காள்லா ஆத்தா, அவ பேரு, அதுக்குப் பின்னால நாயகம்” என்று எழுதவைத்தவள். அந்த அம்மனையே கோமதி என்று கூப்பிட மாட்டாள், வெறும் ஆத்தாதான்.

மறுநாள் வேப்பமரத்தடியில் ஏழாம் பக்கம் வந்தது. “கொலைகாரர்…” என்றாள். நின்றாள்.

“என்ன மதினி, விக்கிக்கிச்சா?” என்றாள் முத்துப்பேச்சி.

“எழுத்து கலைஞ்சிருக்கு.”

முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தாள். “கலையலியே, நல்லாத்தான இருக்கு, கோமதிநா… ஐயோ, அண்ணாச்சில்லா!”

ஐம்பது பேரும் சிரித்த சிரிப்பில் முறத்துப் புகையிலைத் தூள் பறந்து எல்லோரும் தும்மினார்கள். நானும் வேலிக்குப் பின்னால் தும்மலை அடக்கிக்கொண்டேன். உலகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் பெயர் வருகிற இடமெல்லாம் ‘அவுக’ என்று போட்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

“அவுக மெதுவா வந்து விஷத்தை எடுத்தாவ.”

“கொலைகாரனுக்கு என்னா மரியாத!” என்றாள், கடையை அடைத்துவிட்டுப் பீடி சுற்ற வந்திருந்த தங்கபுஷ்பம்.

“நீ இலைய வெட்டு.”

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சாருபாலா என்னைக் காதலித்தாள். மற்றவர்களைக் காதலித்த மாதிரி இல்லை. கொடைக்கானல்காரிக்கு எந்த ஊர்க் கட்டுப்பாடு? பனியில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், டெலிபோனில் கூப்பிட்டாள், கடிதத்தில் எழுதிவிட்டு வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், மலைவிளிம்பில் நின்று கத்தி, எதிரொலியில் இன்னொருமுறை கேட்டுக்கொண்டாள். உலகம்மாளின் வாசிப்பில் அந்த இடங்களில் எல்லாம் ஒரு குழி விழுந்தது.

“‘…’ என்று அழைத்தாள் சாருபாலா.”

“யாரை மதினி?”

“ஒருத்தரை.”

“எந்த ஒருத்தரை?”

“ஒனக்குத் தெரியாதாக்கும், மூதி.”

நான் கேட்க ஆசைப்பட்ட குரல் வரவே இல்லை. வந்தது மணல் விழுந்த சோற்றை மெல்லுகிற குரல். போதாததற்குக் கடைசித் தாளில் அபிப்பிராயங்கள் சேர்ந்துகொண்டே போயின. ‘முந்தின கொலைகாரர்களைவிட இவர் அடக்கமானவர்.’ ‘வயதானாலும் ஜோடிப் பொருத்தம் அருமை.’ ‘இவருக்கு மனைவி உண்டா, தெரிந்தவர்கள் எழுதவும் – ஒரு சகோதரி.’ அதைப் படித்த அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை.

“யாரு அவ?” என்றாள் உலகம்மாள்.

“எவ?”

“கொடக்காரி.”

“கதைல வர்றவடி.”

“கதைல வர்றவளுக்கு உங்க பேரு எப்படித் தெரியும்?”

“எழுதியிருக்கு, படிக்கா.”

“எழுதினது எவுக?”

நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

“பதினோரு தடவை சொல்லிட்டா. நாக்கு கூசாம. நான் கல்யாணமாகி இத்தன வருசத்துல தூக்கத்துல கூடச் சொன்னதில்ல. சொன்னா ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொன்னத நம்பி, வாய்க்குள்ளயே வச்சிருந்தேன், வந்தவ வாரி எறைக்கா.”

“நீயும் சொல்லேன், யாரு வேண்டாம்னா?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் உப்பில்லாத குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஒரு மாதமாக நான் தனியாகச் சுமந்த எரிச்சலில் பாதியை அவள் இறக்கி வாங்கிக்கொண்டது மாதிரி இருந்தது.

வாசிப்பு கடைசி அத்தியாயத்துக்கு வந்தது. கதையில் என்னைப் பிடித்து ஜெயிலில் போட்டிருந்தார்கள், தூக்குக்கு நாள் குறித்தாகிவிட்டது, கடைசியாகப் பார்க்க வருகிறவர்கள் வரிசையில் சாருபாலா மட்டும்தான் நிற்கிறாள். வார்டர் கேட்கிறார், யாரைப் பார்க்க வேண்டும், அவருக்கு நீ என்ன உறவு. சாருபாலா முதல் கேள்விக்கு என் பெயரைச் சொல்கிறாள். இரண்டாவது கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டு, ‘அவருடைய ம…’

உலகம்மாள் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். மேற்கொண்டு வாசிக்கச் சொல்லி ஐம்பது பேரும் கூப்பாடு போட்டார்கள். அவள் முறத்தை இடுப்பிலும் புத்தகத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு, அந்த வெயிலில், நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். வரிசையில் பதினேழு பேர் நின்றார்கள். யாரையும் பார்க்காமல் முன்னால் போய் நின்றாள், பதினேழு பேரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

“பென்சில் குடுங்க அண்ணாச்சி.”

“என்னம்மா எழுதப் போறிய?” என்றார் ஞானதிரவியம்.

“அபிப்பிராயம்.”

ஏழாம் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே எழுதினாள்: இவருக்கு வீட்டில் ஆள் இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் பெண்கள், வேலிக்கு வெளியே மற்ற ஊர். ஏட்டு சைக்கிளோடு நின்றார், டிரில் வாத்தியாரும் கணக்கு வாத்தியாரும் ஒரே கல்லில் ஏறி நின்றார்கள், ஞானதிரவியம் அண்ணாச்சி நூல் நிலையத்தைப் பூட்டிவிட்டே வந்திருந்தார். எனக்கு நான் கிள்ளின ஓட்டை இருந்தது. உலகம்மாள் கடைசி அத்தியாயத்தை எடுத்தாள். புளியங்குடியிலிருந்து ஒரு அம்மாள் பஸ் ஏறுகிறாள், பஸ்ஸில் உட்கார இடமில்லை, தூக்குவாளியில் குழம்புச்சோறு, வழியெல்லாம் அது சிந்திவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருகிறாள், ஜெயில் வாசலில் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் குடையோடு சாருபாலா.

“‘யாரைப் பார்க்க வேண்டும்?’ என்றார் வார்டர், தலையை நிமிர்த்தாமல்.” உலகம்மாள் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். “‘அவுகளை’ என்றாள் அந்த அம்மாள். ‘அவுக என்று இங்கே யாரும் இல்லை, பெயரைச் சொல்’ என்றார் வார்டர். அந்த அம்மாள் பேசாமல் நின்றாள். ‘பெயர் தெரியாவிட்டால் விலகி நில், அடுத்த ஆள் வா’ என்றார் வார்டர். சாருபாலா ஒரு அடி முன்னால் வந்து, வாயைத் திறந்தாள்.”

அடுத்த வரியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. வாசிப்பு நின்றது. ஐம்பது கையும் நின்றது, சுற்றின பீடி பாதியில் நூலோடு நின்றது. ஒரு சொல் வராவிட்டால் வாளிச் சோறு வாளியிலேயே திரும்பிப் போகும், குடைக்காரி உள்ளே போய்விடுவாள். உலகம்மாளின் விரல் அந்த வரியை அழுத்திக்கொண்டிருப்பது ஓட்டை வழியாக எனக்குத் தெரிந்தது. ஆயுசு குறைந்தால் குறையட்டும் என்று நான் நினைத்தேன், அவள் என்ன நினைத்தாளோ.

“கோமதிநாயகம்” என்றாள்.

அந்தக் குரலில் இல்லை. பாலுமில்லை, பாத்திர ஓரமுமில்லை. அடுத்தவள் கொல்லையில் வாயை வைத்துவிட்ட தன் ஆட்டை, தெரு முழுக்கக் கேட்கும்படி அதட்டிக் கூப்பிடுகிறவளின் குரல் அது. என் உடம்பு எனக்கு முன்னால் அதைக் கேட்டுக்கொண்டது போலிருக்கிறது; ஊர் பார்க்க, வேலி ஓட்டையில் தலையை நுழைத்து, “என்னம்மா?” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. உலகம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், விரலை வரியில் வைத்துக்கொண்டு, “சாருபாலா குடையை மடக்கிக்கொண்டு வரிசையைவிட்டு விலகிப் போனாள், அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவேயில்லை” என்று வாசித்துப் புத்தகத்தை மூடினாள். அந்த வரி புத்தகத்தில் இருந்ததா என்று இன்றுவரை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.